கறுத்தக் காரின் மூச்சு

இலுப்பையடி ஒழுங்கையில் அருளம்பலத்தின் கறுத்தக் கார் மூச்சுவிடத் தொடங்கியது ஒரு வைகாசி மாதத்துப் பின்னேரம், மூன்று மணிபோல. பதினொரு வருடமாகச் சாவி போடாமல், பற்றரி இல்லாமல், நாலு சில்லிலும் காற்று இல்லாமல் கொட்டிலுக்குள் கல்லடுக்கின் மேல் நின்ற கார், ஒருவரும் தொடாமல், ஒருவரும் கேட்காமல், மெல்ல உள்ளே இழுத்து, மெல்ல வெளியே விட்டு, பிறகும் இழுத்து, பிறகும் விட்டு, மத்தியானச் சோறு தின்றுவிட்டுச் சரிந்து படுத்த மனிசரைப் போல நிதானமாக மூச்சுவிட்டது. அருளம்பலம் பாம்பாக்கும் என்று நினைத்து விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு போனார். பொனற்றைத் தூக்கிப் பார்த்தால் பாம்பில்லை. பெற்றோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு ஊட்டுகிற காபரேற்றர் அந்தக் காருக்கு இரண்டு, பித்தளை மூடி போட்டுப் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. ஒன்றின் வாயில் உள்ளங்கையை வைத்தார், அது கையை இழுத்தது, பிறகு சூடாக ஊதியது. அவர் பொனற்றை மூடிவிட்டு, விளக்குமாற்றை இருந்த இடத்தில் வைத்துவிட்டு, ஒருவருக்கும் ஒன்றும் சொல்லாமல் கதிரையில் வந்து இருந்தார்.

அருளம்பலம் பயந்த ஆள். இதை முதலே சொல்லிவைத்தால்தான் மிச்சக் கதை விளங்கும். படலைக் கொளுக்கியை மூன்று தரம் போட்டுப் பார்ப்பார். தென்னைக்குக் கீழே போகும்போது தலையில் கையை வைத்துக்கொண்டு போவார். கலியாண வீட்டில் படம் பிடிக்கிறவர்கள் அந்தச் சின்னப் பறக்கிற சாமானை மேலே விட்டால், சோற்றில் வைத்த கையோடு எழும்பிப் போய்க் கிணற்றடியில் நிற்பார். ஆனால் ஒரேயொரு விஷயத்தில் ஒழுங்கைச் சனம் அவரைத் தைரியசாலி என்று வைத்திருந்தது. முப்பது வருடத்துக்கு முதல், சண்டை கிட்ட வந்து சனமெல்லாம் ஒரே நாளில் ஊரைவிட்டு வெளிக்கிட்ட அந்த மழைநாளில், பெற்றோல் என்ற சாமானே கண்ணில் படாமல் கார்களெல்லாம் மண்ணெண்ணெயில் ஓடிய காலத்தில், சேலைன் போத்தலால் நாலு சொட்டுப் பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டுத்தான் எஞ்சினை எழுப்ப வேண்டியிருந்த காலத்தில், பதினொரு பேரை ஏற்றிக்கொண்டு போன இந்தக் கார் பெரிய பாலத்தின் நட்டநடுவில் நின்றுபோனது. முன்னுக்கும் சனம், பின்னுக்கும் சனம், மேலே ஹெலிகொப்டர். மண்ணெண்ணெய்ப் பிசின் இரண்டு காபரேற்றரிலும் ஜெற் என்கிற சின்னத் துளைக் குழாய்களை அடைத்துப்போட்டது. அவற்றைக் கழற்றி, வாயில் வைத்து ஊதி அடைப்பெடுத்து, காரை எழுப்பிப் பதினொரு பேரையும் கரை சேர்த்தவர் அருளம்பலம் என்று ஒழுங்கை சொல்லும். அருளம்பலமும் சொல்லியிருக்கிறார், செத்தவீட்டிலும் சொல்லியிருக்கிறார், கலியாண வீட்டிலும் சொல்லியிருக்கிறார். அவர் அதைச் சொல்லத் தொடங்கினால் அவரின் மனிசி தவமலர் தேத்தண்ணிக் கோப்பைகளைப் பொறுக்கிக்கொண்டு உள்ளே போய்விடுவா.

கார் மூச்சுவிடுகிற கதையை இரண்டாம் நாளே பிடித்தவ பக்கத்து வீட்டுச் செல்வரதி, மா அரைக்கிற மில் வைத்திருப்பவ. பாதித் தேங்காய் கேட்டு வந்தவ, தவமலர் திருவலையில் இருந்து துருவிக்கொண்டிருந்ததைப் பார்த்தா, கொட்டில் பக்கம் காதைக் கொடுத்தா, திரும்பவும் தவமலரைப் பார்த்தா.

"மலரக்கா, ஒருக்கா மூச்சைப் பிடியுங்கோ."

தவமலர் பிடித்தா. கொட்டிலுக்குள் சத்தம் நின்றது.

"இப்ப விடுங்கோ."

கொட்டிலுக்குள் கார் பெருமூச்சு விட்டது.  பிறகு தவமலர் துருவின தேங்காய்ப் பூவைத் தட்டி, "பாதித் தேங்காய் காணுமே உமக்கு?" என்று கேட்டா.

மறுநாள் விடியமுதல் ஒழுங்கை முழுக்கத் தெரிந்துவிட்டது, அதற்கு மறுநாள் பழகியும் விட்டது. பட்டணத்திலிருந்து வந்த டாக்குத்தர் தவமலரின் முதுகில் குழாய் வைத்துப் பார்த்து, நெஞ்சு சுத்தம், ஆனால் சத்தம் வருகிற இடம் இதில்லை என்று சொல்லி, கொட்டிலுக்குப் போய்ப் பொனற்றிலும் குழாய் வைத்துப் பார்த்துவிட்டு, ஒரு நல்ல கராச்சில் காட்டுங்கோ என்று எழுதிக் கொடுத்தார். குடும்ப அட்டை பதிய வந்த கிராமசேவகர் கொட்டிலுக்கு முன்னால் கொஞ்ச நேரம் பேனையைக் கடித்துக்கொண்டு நின்று, குறிப்பு என்ற இடத்தில் காரின் இலக்கத்தை எழுதிவிட்டுப் போனார். ஒழுங்கையில் ஒருவரும் குப்பை கொளுத்தவில்லை. செல்வரதி மிளகாய் திரிக்கிறதைக் காற்று மற்றப் பக்கம் வீசுகிற நாளுக்கு ஒத்திவைத்தா. ஓட்டோக்காரர் ஒழுங்கை முகப்பிலேயே எஞ்சினை நிற்பாட்டிவிட்டுத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். சாமத்தியச் சடங்குக்கு வெடி வாங்கினவர்கள் வெடியைத் திருப்பிக் கொடுத்தார்கள். தபால்காரர் மணியடிக்காமல் படலையடியில் நின்று இருமினார். அந்த இருமலைக் கேட்டுக்கூட அருளம்பலம் கதிரையை விட்டெழும்பி ஓடி வந்தார்.

ஒரு சந்தேகம் மட்டும் சனத்துக்குத் தீரவில்லை. "ஜெற்றை ஊதினது அருளம்பலண்ணை. அண்டைக்கு ஊதின மூச்சுத்தான் உள்ள கிடந்து விளையாடுதெண்டால், அவரிலயெல்லோ ஒட்டவேணும்? மலரக்காவில ஏன் ஒட்டினது?" என்று தண்ணீர்க் குழாயடியில் நின்று கேட்டார்கள். புருசன் பெண்சாதி என்றால் எல்லாம் ஒன்றுதானே என்று யாரோ சொல்லி அந்தக் கதையை முடித்துவைத்தார்கள். அருளம்பலம் அந்த இடத்தில் நின்றால் வாளி நிரம்பமுதலே தூக்கிக்கொண்டு போய்விடுவார்.

ஆடி பிறந்து சோளகக் காற்று அடிக்கத் தொடங்கப் பயம் ஒழுங்கைக்குள் வந்தது. முதலில் காரின் மூச்சில் ஒரு கரகரப்பு. பிறகு இழுப்புக்கும் விடுப்புக்கும் நடுவில் ஒரு தடக்கல். பிறகு ஒருநாள் மத்தியானம், வெயில் உச்சியில் நிற்க, கார் மூச்சை இழுத்தது, விடவில்லை. உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்த தவமலர் கையில் நனைந்த சாரத்தோடு மண்ணில் இருந்துவிட்டா. அகப்பையைப் பிடித்த கைகள் எல்லா அடுப்படியிலும் அப்படியே நின்றன, செல்வரதி மில்லை நிற்பாட்டினா, அவதான் முதலில் எண்ணத் தொடங்கினது, ஒண்டு, ரெண்டு, மூண்டு, பிறகு பக்கத்து வீடு, பிறகு எதிர்வீடு, நாலு, ஐஞ்சு, ஆறு, வேலிக்கு வேலி ஒரே குரலாக ஒழுங்கை முழுக்க எண்ணியது. ஏழில் கார் மூச்சை விட்டது. எல்லோரும் தங்கள் தங்கள் கறியைக் கிளறப் போனார்கள்.

அதற்குப் பிறகு அது வழக்கமாகிவிட்டது. கார் மூச்சு நின்றால் ஒழுங்கை எண்ணும். ஒன்பது, பன்னிரண்டு, ஆவணி முதற்கிழமையில் பத்தொன்பது. அருளம்பலம் மட்டும் எண்ணமாட்டார். அவர் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு மனிசியின் உதட்டைப் பார்த்தபடி நிற்பார்; அந்த உதட்டில் நாவற்பழம் தின்ற மாதிரி நீலம் ஏறி இறங்குகிறவரைக்கும் காதிலிருந்து கையை எடுக்கமாட்டார்.

கராச் சூசைதாசனைக் கூட்டி வந்தார்கள். மண்ணெண்ணெய்க் காலத்திலிருந்தே அந்தக் காரைத் தெரிந்த ஆள், இரும்பைவிடப் பீடியைக் கூடுதலாகப் பிடித்த கை. அவன் காபரேற்றர் வாயில் காதை வைத்துக் கேட்டான், மூடியைத் தட்டிக் கேட்டான், பிறகு கையைத் துடைத்துக்கொண்டு வந்தான்.

"அண்ணை, ரெண்டும் களைச்சுப் போச்சு. கழட்டிக் கழுவி, வாசர், நீடில் எல்லாம் புதுசு போட்டுக் கட்டவேணும். விட்டால் மாரி மழைக்கு முதல் நிண்டுபோம்."

"கழட்டினால்?"

"கழட்டிக் கட்டுறதுக்கு ஒண்டுக்கு ஒரு மணித்தியாலம். அந்த நேரம் அக்கா எதால மூச்சு விடுவா எண்டு என்னட்டைக் கேளாதேங்கோ. நான் கார் மெக்கானிக்."

தவமலரின் தம்பி கனடாவிலிருந்து அந்தப் பழைய காபரேற்றருக்கு வேண்டிய வாசர், நீடில், ஜெற் எல்லாம் ஒரு சின்னப் பெட்டியில் போட்டு அனுப்பினான். பெட்டி வந்து அலுமாரிக்கு மேலே இருந்தது. அருளம்பலம் அதை உடைக்கவில்லை. விடியப் போய்ப் பார்ப்பார், ஒட்டுப்பேப்பரை நகத்தால் கொஞ்சம் கிளப்புவார், மூச்சு ஒழுங்காகத்தானே போகுது, இண்டைக்கு வேண்டாம் என்பார். பின்னேரம் மூச்சுத் தடக்கினவுடன் ஓடிப் போய் எடுப்பார், இந்த நிலைமையில் எப்படிக் கழட்டுறது என்று திரும்ப வைப்பார். இப்படி நாற்பது நாள். பெட்டிக்கு மேலே தூசி படிந்து, தூசிக்கு மேலே அவரின் விரல் அடையாளம் படிந்து, அதற்கு மேலேயும் தூசி படிந்தது.

புரட்டாசியில் ஒருநாள் எண்ணிக்கை முப்பத்தொன்றுக்குப் போனது. அன்று பின்னேரமே ஒழுங்கைச் சனம் மில் வளவில் கூடியது. கழட்டினால் அண்டைக்கே போய்விடுவா என்று ஒரு பக்கம். கழட்டாவிட்டால் ஐப்பசியில் போய்விடுவா என்று மற்றப் பக்கம். ஒவ்வொன்றாய்க் கழட்டலாம், ஒன்றில் அரை மூச்சாவது ஓடும் என்றான் சூசைதாசன். அரை மூச்சில் ஆர் இருந்தது, நீ இருந்து காட்டு என்றா செல்வரதி. எல்லோரும் கதைத்தார்கள். தவமலர் எல்லோருக்கும் தேத்தண்ணி கொடுத்துக்கொண்டு வந்தா, அவவிடம் சீனி காணுமோ என்றுகூட ஒருவரும் கேட்கவில்லை. கடைசிக் கோப்பையையும் கொடுத்துவிட்டுத் தட்டை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றா.

"ஒரு நாளைக்குப் பத்துத் தரம் நீங்கள் என்னை எண்ணுறியள். ஒவ்வொரு தரமும் நான் செத்துப் பிழைக்கிறன். உங்கட குரல் எனக்குக் கனவிலயும் கேக்குது. கழட்டுங்கோ." கொஞ்சம் நின்று மூச்செடுத்தா. "ஆனால் கொட்டிலுக்க நிண்டு மூச்சு விடுறதுக்கெண்டு கட்டவேண்டாம். கட்டினால் நான் ஓட்டுவன். பாலம்வரைக்கும் போயிட்டு வருவன்."

"உமக்கென்ன விசரே?" என்றார் அருளம்பலம். "கண்டறியாத பாலம். நீர் கார் தொட்டு முப்பது வரியம்."

"நீங்களும் முப்பது வரியமாய் அந்தப் பாலத்தைக் கதையிலதானே கடக்கிறியள். ஒருக்கா நான் காரில கடந்து பாக்கிறன்."

அருளம்பலம் கோப்பையை வைத்துவிட்டு எழும்பி வளவை விட்டுப் போனார். மற்றவர்கள் அதைக் கோபம் என்று நினைத்தார்கள்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்குச் சூசைதாசன் வந்தான். சில்லுகளுக்குக் காற்றும் பற்றரியும் முதல்நாளே போட்டாகிவிட்டது. தவமலர் ஒரு கதிரையைக் கொண்டுவந்து முன் மட்காட்டுக்குப் பக்கத்தில் போட்டு, ஒரு கையைக் காரில் வைத்துக்கொண்டு இருந்தா. வேலிக்கு வெளியே சனம். ஒரேயொரு கட்டளைதான் எல்லோருக்கும்: ஒருவரும் வாய் வைத்து ஊதக் கூடாது. முன்னம் ஊதின மூச்சுத்தான் இவ்வளவு கரைச்சலுக்கும் காரணம், ஜெற் அடைப்பைச் சைக்கிள் பம்பால்தான் எடுக்க வேண்டும். சூசைதாசன் வேளாங்கண்ணி மாதாவின் பேரில் சத்தியம் பண்ணினான்.

முன் காபரேற்றரைக் கழற்றினான். பாதி மூச்சுப் போனது. தவமலரின் தோள் ஒரு பக்கம் மட்டும் ஏறி இறங்கியது, அருளம்பலம் அதைப் பார்க்கமாட்டாமல் கொட்டில் தூணான கப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார், கப்பில் எறும்பு ஊர்ந்து அவரின் கையில் ஏறியது அவருக்குத் தெரியவில்லை. சூசைதாசன் கழுவினான், துடைத்தான், பெட்டியிலிருந்த புது ஜெற்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துத் துளை பார்த்தான், பார்த்த கையோடு, நாற்பது வருடம் ஒவ்வொரு ஜெற்றுக்கும் செய்த மாதிரியே, ஒன்றும் நினையாமல் வாயில் வைத்து, பூ என்று ஊதினான்.

ஊதினபிறகுதான் அவனுக்குத் தெரிந்தது. வேலியில் நின்றவர்களுக்கும் தெரிந்தது. செல்வரதி, "பாவி" என்று மெல்லச் சொன்னா. இனிச் செய்ய ஒன்றுமில்லை, அவன் ஜெற்றைப் போட்டு, காபரேற்றரைப் பூட்டினான். பூட்டினவுடன் அது இழுத்தது. தவமலர் இரண்டு மாதத்துக்குப் பிறகு நெஞ்சு நிறைய ஒரு மூச்சு இழுத்தா, முகத்தைச் சுளித்தா.

"சூசை, விடியவே பீடி குடிச்சனியோ?"

 சூசைதாசன் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு நிலத்தில் இருந்தான், காரோடு சேர்ந்து அவனும் இழுத்துக்கொண்டிருந்தான். அந்த ஊதலில் அவனும் உள்ளே போய்விட்டான். இப்போது அந்தக் காரில் இரண்டு உயிர்.

இரண்டாவதைக் கழற்றாமல் விடவும் முடியாது. பிசின் முழுக்க அதில்தான். சூசைதாசன் இருந்த இருப்பிலேயே அதைக் கழற்றினான், கழுவினான், பெட்டியில் புது ஜெற் ஒன்றுதான் இருந்ததால் பழைய ஜெற்றையே பம்பால் அடித்தான், பூட்டினான். அது பேசாமல் இருந்தது. திரும்பக் கழற்றித் திரும்ப அடித்தான். பம்புக் காற்றை அது மூச்சாக எடுக்கவில்லை. முன்னது ஒன்றுமட்டும் இரண்டு பேருக்காக இழுத்தது, பீடியில் வெந்த நெஞ்சின் மூச்சு இரண்டு பேருக்கு எப்படிக் காணும்? சூசைதாசனின் கையிலிருந்து குறடு விழுந்தது. தவமலரின் உதடு நீலமானது. வேலிக்கு வெளியே எண்ணத் தொடங்கினார்கள், ஒண்டு, ரெண்டு, மூண்டு.

"மனிச மூச்சுத்தான் வேணும்" என்றான் சூசைதாசன். "என்னட்டை இனி இல்லை. ஆரும் வாங்கோ."

செல்வரதி படலையைத் திறந்துகொண்டு உள்ளே வந்தா. ஊதினால் தானும் அந்தக் காரோடு கட்டுப்பட்டுவிடுவேன் என்று தெரிந்துதான் வந்தா, வந்து கையை நீட்டினா. அந்தக் கைக்கு முதல் இன்னொரு கை வந்து ஜெற்றை எடுத்தது. அருளம்பலத்தின் கை. எறும்பு கடித்துத் தடித்திருந்தது.

"அண்டைக்குப் பாலத்தில ஊதினது நானில்லை" என்றார். வேலிப்பக்கம் பார்த்துத்தான் சொன்னார், எண்ணிக்கொண்டிருந்தவர்கள் பதினாலில் நின்றுவிட்டார்கள். "வாயில வைச்சன். மேல ஹெலி. எனக்கு மூச்சு வரேல்லை. இவதான் பறிச்சு ஊதினவ. மூண்டு நாள் கறுப்பாய்த் துப்பினவ. நான் ஊதினதெண்டு முப்பது வரியம் உங்களுக்குப் பொய் சொல்லிப் போட்டன்."

தவமலர் கண்ணைத் திறந்தா. மிச்சம் இருந்த கொஞ்ச மூச்சில் சொன்னா:

"அதை… பேந்து… கதைக்கலாம். ஊதுங்கோ."

அவர் ஜெற்றை வாயில் வைத்தார். வானம் வெறும் வானம், ஒரு காகம்கூட இல்லை, ஆனால் அவரின் காதுக்குள் அந்தச் சத்தம் வந்தது, சுற்றிச் சுற்றி வந்தது, நெஞ்சு அப்படியே கல்லாகிவிட்டது, உதடு மட்டும் குவிந்து நின்றது, உள்ளே இருந்து ஒன்றும் வரவில்லை. அன்றைக்கும் இப்படித்தான். அன்றைக்குத் தவமலர் பறித்துக்கொண்டா. இன்றைக்கும் பறிப்பா என்று அவரின் கை ஒரு கணம் காத்துக்கொண்டு நின்றது, அதுதான் உண்மை. அவ பறிக்கவில்லை. அவவின் கை மட்காட்டிலிருந்து வழுகி மடியில் விழுந்தது. அந்தக் கை விழுந்த சத்தம், ஒரு சின்னத் தட்டல்தான், ஹெலிகொப்டரைவிடப் பெரிதாக அவருக்குக் கேட்டது, பயம் குறையவில்லை, பயம் இரண்டு மடங்காகி நெஞ்சுக்குள் இடமில்லாமல் போய், அந்தப் பயத்தையே சேர்த்து அருளம்பலம் ஊதினார்.

துளையிலிருந்து கறுத்த பிசின் ஒரு சொட்டுப் பறந்து சூசைதாசனின் சட்டையில் பட்டது. மழையும் மண்ணெண்ணெயும் கலந்த ஒரு மணம் கொட்டிலுக்குள் வந்து போனது. சூசைதாசன் தவழ்ந்து வந்து பூட்டினான். இரண்டு காபரேற்றரும் ஒன்றாய் இழுத்தன, மூன்று நெஞ்சு ஒன்றாய் ஏறியது. தவமலர் நிமிர்ந்து இருந்து, சேலைத்தலைப்பால் வாயைத் துடைத்தா.

"முப்பது வரியம்" என்றா. "ஒரு நாளாவது ஒருத்தருக்காவது சொல்லுவியள் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான்."

"நீராவது சொல்லியிருக்கலாமே."

"நானேன் சொல்லுவான்? பொய் உங்கட."

 சூசைதாசன் சேலைன் போத்தலால் நாலு சொட்டுப் பெற்றோலை விட்டு எஞ்சினை எழுப்பினான், அது ஒரே தட்டில் எழும்பியது, தவமலர் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி இருந்தா, சூசைதாசன் போத்தலை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் இருந்தான். அருளம்பலத்துக்கு ஏறத் தைரியம் வரவில்லை. ஒரு நாளைக்கு ஒரு தைரியந்தான் அவரால் முடிந்தது. படலையைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். கார் ஒழுங்கையில் இறங்கி, முகப்பில் திரும்பி, கண்ணில் படாமல் போனது. அவரின் மூச்சும் அதோடு போனது.

சனம் அவரைச் சுற்றி நின்றது. மெயின் றோட்டில் அவரின் மூச்சு சீராக ஓடியது. பனங்கூடலடியில் குழி விழுந்த இடத்தில் விக்கியது. பிறகு நீளமான நேர்பாதை. பிறகு, நின்ற இடத்திலேயே நின்றபடி, அவருக்கு மேல்மூச்சு வாங்கத் தொடங்கியது, ஒரு கையால் படலையையும் மற்றக் கையால் முழங்காலையும் பிடித்துக்கொண்டு மேடு ஏறுகிற ஆளைப்போல இழுத்தார், ஒழுங்கைக்குள் மேடு ஒன்றும் இல்லை.

"பாலம் ஏறுகினம்" என்றா செல்வரதி.

அவரின் மூச்சு நின்றது. உள்ளே இழுத்தது வெளியே வரவில்லை. கண் பிதுங்கியது, முகம் கறுத்தது, யாரோ தண்ணீர் கொண்டு ஓடி வந்தார்கள், செல்வரதி தன்னையறியாமல் தொடங்கினா, ஒண்டு, ரெண்டு, மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள், மூண்டு, நாலு, ஐஞ்சு. அருளம்பலம் கையை உயர்த்தி அவர்களைத் தடுத்தார். எண்ணவேண்டாம் என்று தலையை ஆட்டினார். சனம் வாயை மூடியது. எவ்வளவு நேரம் என்று ஒருவருக்கும் தெரியாது, ஏனென்றால் ஒருவரும் எண்ணவில்லை. பயந்த அந்த மனிசன், படலைக் கொளுக்கியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மனிசி மூச்சை விடுகிறவரைக்கும் தன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

பிறகு அது வெளியே வந்தது. நீளமாக, மெல்லமாக, முப்பது வருடம் உள்ளே கிடந்தது முழுக்க வந்தது. அடுத்த மூச்சில் கடல் உப்பு மணந்தது, ஈரம் மணந்தது, கொஞ்சம் பீடியும் மணந்தது.

"நடுப்பாலத்தில இறங்கி நிக்கிறா" என்றார் அருளம்பலம், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "நிக்கட்டும். ஒருத்தரும் அவசரப்படுத்தாதேங்கோ."